பதினொரு மணிவரை விழித்திருக்கும் பிள்ளை: உங்கள் வீட்டில் எப்படி?

சிப்புட்காரி
செவ்வாய், இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். மகன் இப்போதுதான் கண் அசந்தான். இப்போதே எழுதினால்தான் உண்டு.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். முன்பு பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்த இடத்தில் எழுந்த தாமானில், அதாவது குடியிருப்பில், இரண்டு அறை வீடு. மகனுக்கு ஏழு வயது, இந்த வருஷம்தான் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறான். பள்ளி பஸ் 6.20-க்கு முனைக்கு வந்துவிடும். ஊரைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், அதனால் அத்தனை சீக்கிரம். 5.30-க்கு எழுப்பினால்தான் முடியும். அவன் தூங்குவதோ பத்தரை, பதினொன்று. காலையில் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி குளியலறைக் கதவில் சாய்ந்து தூங்குகிறான். போன வாரம் வகுப்பாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார், ஒன்பது மணிக்கெல்லாம் தலை மேசையில் விழுந்துவிடுகிறதாம்.

வீட்டுக்காரர் ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். காலை 8.30-க்கு ஆரம்பித்து, ஓ.டி. முடித்து மோட்டாரில் வீடு வந்து சேர இரவு 9.30 ஆகும். அப்பா வராமல் இவன் படுக்க மாட்டான். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் வாங்கிக்கொள்வான். அப்புறம் பேச்சு, விளையாட்டு. கூடத்தில் மாமியார் நாடகம் பார்ப்பார், அவர் அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால் வெட்டியவர். நாங்கள் பாய் விரித்துப் படுப்பதும் அதே கூடத்தில்தான், அங்கேதான் பெரிய காற்றாடி இருக்கிறது.

கோலாலம்பூரில் இருக்கும் நாத்தனார், “பக்கத்தில் போட்டுத் தூங்கவைப்பதால்தான் இந்தக் கோளாறு. தனி அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்து, மூணு நாள் அழுவான், நாலாம் நாள் சரியாகிவிடும்” என்றார். ஒரே ஒரு இரவு செய்து பார்த்தேன். அழுகைச் சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் கட்டிலை விட்டு இறங்கி, கதவுக்குக் கீழே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்தபடி தரையில் படுத்திருந்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

நான்தான் பிள்ளையைக் கெடுக்கிறேனா?


வெண்பலகை
புதன், காலை 6.05

தங்கச்சி, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பிலும் இப்படி நான்கைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவன்கூட சோம்பேறி இல்லை. இன்னும் எழுத நேரமில்லை, மணி அடிப்பதற்குள் போக வேண்டும். முதலில் ஆசிரியரிடம் உங்கள் வீட்டு நேரத்தைச் சொல்லிவிடுங்கள், வகுப்பில் அவனைத் திட்டாமல் இருப்பார்.


இரவுப்பணித் தாதி
புதன், காலை 9.20

இரவுப்பணி முடிந்து வந்து படித்தேன். கேட்டதற்கு நேராகப் பதில்: கெடுக்கவில்லை. ஆனால் தூக்கம் போதவில்லை, அது உண்மை.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்ன அளவுகளைத்தான் நாங்களும் தாய்மார்களிடம் சொல்வோம். 3 முதல் 5 வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம். உங்கள் மகனுக்கு இரவில் ஆறரை, ஏழு மணி நேரம்தான் கிடைக்கிறது. 5.30-க்கு எழ வேண்டிய பிள்ளை 8.30-க்குத் தூங்கியிருந்தால்தான் குறைந்த அளவாவது நிறையும்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்து மூச்சு விட்டு, நடுவில் திணறுகிறானா? அப்படி இருந்தால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. டான்சில், மூக்கின் பின்புறச் சதை இதையெல்லாம் கிளினிக்கில் காட்டிப் பார்க்க வேண்டும். அடுத்தது, சாயங்காலம் என்ன குடிக்கிறான்?


சிப்புட்காரி
புதன், பிற்பகல் 2.15

குறட்டை இல்லை அக்கா. பள்ளி விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு நாலரைக்குத் தூங்குவான். விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக் கூடாது என்று மாமியார் ஏழு மணிக்கு எழுப்பிவிடுவார். எழுந்ததும் பாட்டியோடு சேர்ந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணீர், அதில் பிஸ்கட் தோய்த்துத் தின்பான். நாங்களெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?


இரவுப்பணித் தாதி
புதன், பிற்பகல் 2.40

பாதிக் காரணம் அதிலேயே இருக்கிறது. ஏழு மணிவரை தூங்கி எழுந்த பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? தேத்தண்ணீரில் காஃபின் உண்டு. பெரியவர்கள் உடம்பிலேயே அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. பாட்டியோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்னட்டும், அந்தச் சுகத்தைப் பறிக்க வேண்டாம். கிளாஸில் பாலோ வெந்நீரோ ஊற்றிக் கொடுங்கள்.

கூடத்து வெளிச்சத்தையும் பாருங்கள். 2018-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் ஆய்வு வந்தது. பள்ளி செல்லும் வயதை எட்டாத பத்துக் குழந்தைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாடவிட்டார்கள். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு இறங்கியது. விளக்கை அணைத்து 50 நிமிஷம் ஆகியும் அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அவர்கள் வைத்த வெளிச்சம் வீட்டு விளக்கைவிட அதிகம்தான், அதை உங்கள் டிவியோடு சமமாக வைக்க மாட்டேன். ஆனாலும் சிறு பிள்ளைகளின் கண்மணி பெரியது, கண்வில்லை தெளிந்தது. நமக்கு மங்கலாகத் தெரிவது அவர்களுக்கு அப்படி இல்லை.


பழைய லயம்
புதன், இரவு 8.10

அம்மா, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். இந்தத் தூக்க விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தாயார் பால் வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே பெரட்டுக்குப் போயாக வேண்டும், பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஏன் அந்த இருட்டில்? வெயில் ஏறி இலை தண்ணீரை இழக்கத் தொடங்கினால் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் குறைந்துவிடும், ஒழுக்கும் சீக்கிரம் நின்றுவிடும். இருட்டில் வெட்டினால்தான் பால் பிடிக்கும் மங்கு நிறையும். ஆக, எங்கள் லயத்தில் யார் எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது மரம்தான். ராத்திரி எட்டரைக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். மொத்த லயமும் ஒரே மூச்சில் அணைந்துவிடும். பிள்ளைகளைப் படுக்கச் சொல்லி யாரும் அதட்டியதாக நினைவில்லை. விழித்திருந்து பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

விடிகாலையில் தாயார் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தங்கச்சியைத் துணியோடு சுருட்டித் தோளில் போட்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடுவார். அங்கே உத்திரத்தில் பழைய சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆயாம்மா மூன்று தொட்டிலுக்கும் ஒரே கயிறு கட்டி, கயிற்றின் முனையைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கையில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். விரல் அசைந்தால் மூன்று பிள்ளையும் ஆடும். தங்கச்சி வீட்டில் தூங்கி, தோளில் தூங்கி, தொட்டிலில் தூங்கி, எங்கே கண் விழிக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறு வயதில் தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னையும் அந்த நேரத்துக்கே எழுப்புவார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்தவன்தான்.

இன்னொன்று. நம் ஊர்க் கடிகாரம் சூரியனுக்கு ரொம்ப முன்னால் ஓடுகிறது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது முள்ளைத் திருப்பி 12 ஆக்கினோம். சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்பதற்காக அரசாங்கம் செய்த மாற்றம். ஏற்கெனவே முன்னால் இருந்த கடிகாரம் இன்னும் அரை மணி நேரம் முன்னே போனது. இப்போது பேராக்கில் சூரியன் உதிப்பது காலை 7-லிருந்து 7.30-க்குள், மறைவதும் மாலை அதே கணக்கில்தான். தமிழ்நாட்டில் ஆறு ஆறரைக்கு விளக்கு வைப்பார்கள். விளக்கு வைத்து இரண்டு மணி நேரத்தில் பிள்ளை தூங்கினால் அங்கே எட்டு, எட்டரை. இங்கே அதே வழக்கத்தை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தாலும் ஒன்பதேகால் ஆகிவிடும். காலையில் பஸ் மட்டும் இருட்டிலேயே வந்து நிற்கிறது. உங்கள் மாமியார் பாட்டியிடம் கற்ற வழக்கத்தில் தப்பில்லை அம்மா. வழக்கம் சூரியனைப் பார்த்து நடக்கிறது, பள்ளி கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. நடுவில் பிள்ளை அகப்பட்டுக்கொள்கிறான்.


பினாங்கு மாணவி
வியாழன், காலை 10.30

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் குழந்தை வளர்ப்புப் பற்றிப் படிப்பவள். நாத்தனார் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தனி அறைதான் இயற்கை, சேர்ந்து படுப்பது கெட்ட பழக்கம் என்பது உலகத்தின் ஒரு பகுதியில் சில தலைமுறைகளாக இருக்கும் எண்ணம். 1992-இல் வெளியான ஆய்வு ஒன்றில் குவாத்தமாலாவின் மாயா இனத் தாய்மார்களிடம் அமெரிக்கக் குழந்தைகள் தனி அறையில் தூங்குவதைச் சொன்னபோது அவர்கள் அதிர்ந்துபோனார்கள், அந்தக் குழந்தைகளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஜப்பானில் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை என்று படுப்பதை ‘நதி’ என்ற எழுத்தைப் போலப் படுப்பது என்பார்கள். அந்த எழுத்து செங்குத்தான மூன்று கோடு, நடுக்கோடு குட்டை.

2010-இல் 17 நாடுகளிலும் பகுதிகளிலும் 29,287 குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டு ஒரு பெரிய ஆய்வு வந்தது. நம் மலேசியாவும் அதில் உண்டு. நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.27-க்குப் படுக்கிறார்கள், ஹாங்காங் குழந்தைகள் 10.17-க்கு. பெற்றோர் பக்கத்தில் படுப்பது நியூசிலாந்தில் 5.8 விழுக்காடு, வியட்நாமில் 83.2. அவை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், உங்கள் மகனுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரே வயதுக் குழந்தைகளுக்கு மூன்று மணி நேர வித்தியாசம் வருகிறது என்றால் அது உடம்பில் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது. அதே ஆய்வில் ஆசியக் குழந்தைகள் மொத்தத்தில் குறைவாகத் தூங்குவதையும் கண்டார்கள். ‘எங்கள் வழக்கம்’ என்று சொல்லி அதை மூடிவிட எனக்கு மனமில்லை.

நெதர்லாந்தில் வேறு கதை. ஓய்வு, ஒழுங்கு, தூய்மை மூன்றும் குழந்தைக்குக் கட்டாயம் என்று அங்கே தாய்மார்களுக்குச் சொல்லித் தருவது பழைய வழக்கம். ஆறு மாதக் குழந்தைகளை ஒப்பிட்டபோது நாள் ஒன்றுக்கு அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். வீட்டார் எல்லாரும் சேர்ந்து மாலையை அமைதியாக்கினால் பிள்ளை தூங்கும், யார் பக்கத்தில் படுத்தாலும் சரி.


தொட்டில்கயிறு
வியாழன், பிற்பகல் 1.05

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு நான்கு மாதக் குழந்தை. சேர்ந்து படுப்பது சரி என்கிறீர்கள், இவ்வளவு சின்னப் பிள்ளைக்கும் சரியா? ஸ்பிரிங் தொட்டிலுக்குக் கரண்டில் ஆடும் மோட்டார் வாங்கியிருக்கிறோம். அதில்தான் ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள்.


இரவுப்பணித் தாதி
வியாழன், மாலை 5.30

நல்ல வேளை கேட்டீர்கள். ஏழு வயதும் நான்கு மாதமும் ஒன்றல்ல. ஒரே அறையில் படுங்கள், ஆனால் முதல் ஆறு மாதமாவது குழந்தைக்குத் தனிப் படுக்கை இருக்கட்டும். தட்டையாக, கெட்டியாக, தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்கவையுங்கள். புகைப்பவர், குடித்தவர், மயக்கம் தரும் மருந்து சாப்பிட்டவர் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்கவே கூடாது. சோபாவில் மடியில் போட்டபடி தூங்கிவிடுவது அதைவிட ஆபத்து.

தொட்டிலைப் பழிக்க எனக்கு மனம் வராது, நானும் அதில் ஆடியவள். ஆனால் துணிக்குள் குழந்தை வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி மூச்சு வழி குறுகலாம். அமெரிக்காவில் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைத் தூங்குகருவிகளை 2022-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். ஆட்டித் தூங்கவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். மோட்டாரை ஓடவிட்டு நீங்கள் போய்ப் படுப்பது வேண்டவே வேண்டாம்.


தொட்டில்கயிறு
வியாழன், மாலை 5.48

இன்று இரவிலிருந்து மாற்றுகிறேன். ரொம்ப நன்றி அக்கா.


நேரந்தவறாதவன்
வியாழன், இரவு 9.15

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். அப்பாவுக்காகக் காத்திருப்பதை நிறுத்த வேண்டும். 8.30-க்கு விளக்கை அணையுங்கள். பிள்ளை அப்பாவை ஞாயிற்றுக்கிழமை பார்க்கட்டும். படிப்பு போனால் திரும்ப வராது.


ஒன்பதாம் கட்டை
வியாழன், இரவு 11.20

நண்பரே, நான் அந்த அப்பா. எட்டு வருஷம் ஷிப்டில் இருந்தவன். மகளை எட்டு மணிக்கே தூங்கவைத்துவிடுவார்கள், நான் வருவேன், அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பேன். அவளுக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பும்போது, மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். தலை வாரிக்கொள்ள மகள் சீப்பை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

தூக்கம் வேண்டும், தாதி சொல்வது சரி. அப்பாவும் வேண்டும். நான் காலையை எடுத்துக்கொண்டேன். எழுப்புவது, குளிப்பாட்டுவது, பின்னல் போடுவது எல்லாம் என் வேலை. இரட்டைப் பின்னல் நேராக வர ஒரு மாதம் ஆனது. எனக்குத் தூக்கம் குறைந்தது, ஆனால் அது நான் கொடுக்க வேண்டிய விலை, பிள்ளை ஏன் கொடுக்க வேண்டும்? தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் மோட்டாரில்தானே போகிறார்? வேலை 8.30-க்கு என்றீர்கள். மகனை அவரே பள்ளியில் இறக்கிவிட்டால் பஸ் சுற்றும் நேரம் முழுக்கப் பிள்ளையின் தூக்கத்துக்குக் கிடைக்கும்.


நேரந்தவறாதவன்
வெள்ளி, காலை 7.40

அண்ணே, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பஸ் யோசனை அருமை. அது எனக்குத் தோன்றவில்லை.


பழைய லயம்
வெள்ளி, காலை 10.00

மாமியாரிடம் நாடகத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா, அது சண்டையில் முடியும். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவத்தில் காப்பு, செங்கீரைக்கு அடுத்தபடி தாலப் பருவத்தை வைத்திருக்கிறார்கள், பிள்ளையைத் தூங்கவைப்பதற்கு அத்தனை மரியாதை. பால் வெட்டிய கைக்குப் பிள்ளை முதுகைத் தட்டத் தெரியும். கேட்டுப் பாருங்கள்.


சிப்புட்காரி
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.05

தாமதமாக வருகிறேன், மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

பகல் தூக்கத்தை மூன்று மணிக்கு மாற்றி, 40 நிமிஷத்தில் எழுப்பிவிடுகிறேன். முதல் வாரம் ஒரே சிணுங்கல். ஒரு நாள் இருவருமே அழுதோம். தேத்தண்ணீருக்குப் பதில் பால். பாட்டி தன் கிளாஸையும் பாலாக்கிக்கொண்டார், அதனால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. படுக்கும் நேரத்தை ஒரேயடியாக இழுக்காமல் மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிஷமாக முன்னே கொண்டுவந்தேன். பஸ்ஸை நிறுத்திவிட்டோம். அவர்தான் கொண்டுபோய் விடுகிறார், அதனால் 6.10-க்கு எழுந்தால் போதும். அந்த 40 நிமிஷம்தான் பெரிய வரம்.

மாமியாரிடம் ஐயா சொன்னபடியே கேட்டேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எட்டரைக்கு அவரே டிவியை அணைத்துவிட்டு, “நாளைக்கு மறுபடியும் போடுவான், பார்த்துக்கலாம்” என்று பாயை அறைக்குள் விரித்தார். சின்னக் காற்றாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். இருட்டில் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே தன் வெட்டு மரங்களை வரிசையாகச் சொல்கிறார். பாறைக்குப் பக்கத்து மரம், இரண்டாய்க் கிளைத்த மரம், பாம்புச் சட்டை கிடந்த மரம் என்று. எந்த மரத்தோடு அவன் தூங்குகிறான் என்று காலையில் எனக்குச் சொல்வார். பெரும்பாலும் பதினைந்தாவது மரத்தைத் தாண்டுவதில்லை. ஒன்பது மணிக்கு மூச்சு சீராகிவிடுகிறது, சில நாள் ஒன்பதரை. இன்னும் குறைவுதான் தாதி அக்கா, தெரியும். ஆனால் வகுப்பில் தலை விழுவதில்லை என்று ஆசிரியர் சொன்னார்.

வீட்டுக்காரர் முனையிலேயே மோட்டாரை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவான் என்று. முதல் நாள் அவர் கேட்டைத் திறந்து நின்றது எனக்கே தெரியவில்லை.

வெள்ளி மட்டும் விதிவிலக்கு, மறுநாள் பள்ளி இல்லை. அன்றைக்கு அவர் மோட்டாரை அணைப்பதில்லை. இப்போது மகன் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறான், அவருக்குத் தட்டும் எடுத்து வைத்தாயிற்று. அப்புறம் வருகிறேன்.